இன்ஸ்பெக்டரின் சொந்தக் குரல்

ராயப்பன் முறைப்பது கோபத்தினால் அல்ல. கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது.

தொலைக்காட்சியில் வாரம் ஐந்து நாள் ஓடும் துப்பறியும் தொடரில் அவர்தான் இன்ஸ்பெக்டர் கூத்தப்பன். பழைய காலத்துப் போலீஸ். கேமரா, செல்போன் சிக்னல் எதையும் நம்பமாட்டார். சந்தேகப்பட்டவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் வாயைத் திறக்கும்வரை முறைப்பார். மிஞ்சிப்போனால் ஒரே சொல்: "சொல்றா." அதுவும் அவர் சொல்வதல்ல. ராயப்பனுக்குக் கீச்சுக்குரல். சென்னையில் வேறொருவர் டப்பிங் பேசுகிறார்.

அதற்குமுன் முப்பத்தொரு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஓய்வு பெற்ற வருடம் கல்வராயன் மலையில் படப்பிடிப்பு நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர் முகத்தைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். டைரக்டர் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார்.

இப்போது பஸ்ஸில் அவருக்கு எழுந்து இடம் விடுகிறார்கள். பயப்படாதவள் மனைவி அமலோற்பவம் ஒருத்திதான். "கூத்தப்பன் சார், கேஸ அப்புறம் பாக்கலாம். மாவ அரைச்சினு வாங்க" என்பாள்.

ஒருநாள் காலையில் களமருதூரிலிருந்து கொளஞ்சியம்மாள் என்ற விவசாயப் பெண் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய போர் மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய் ஆறு நாளாகிறது. நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் பதர்.

"எங்க ஊரு ஆளுதான் சார் எவனோ. நீங்க வந்து ஒருவாட்டி மொறைச்சா போதுங்க."

ராயப்பன் பதில் சொல்லப் போனார். அமலோற்பவம் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

"வாயத் தொறக்காதீங்க. தொறந்தா எல்லாம் போச்சி."

"நான் நடிகன்தான்னு சொல்லிடறேன் அமலு."

"சொல்லுங்க. அந்தம்மா நெல்லு காயட்டும்."

அவர் புறப்பட்டார். வழியெல்லாம் கொளஞ்சியம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் தொண்டையை மட்டும் செருமினார். யோசனையில் இருக்கிறார் என்று அவளும் நடுநடுவே அடங்கிக்கொண்டாள்.

களமருதூரில் வரப்பு நிறையக் கூட்டம். மோட்டார் கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. ஒவ்வொருவராக உட்கார்த்தலாம் என்று முடிவாகி, முதலில் அடுத்த நிலத்துக்காரன் பாவாடை என்பவன் வந்தான். ராயப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். எதிரில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அதை முறைத்தார்.

"பாரு பாரு, டிவில பாக்கற மாதிரியே பாக்கறாரு" என்றது கூட்டம்.

பத்து நிமிடமாயிற்று. பாவாடையின் கால் ஆடியதே தவிர வாய் திறக்கவில்லை. கடைசியில் மெல்லக் கேட்டான்: "சார், சொன்னா ஜெயில்ல போட்டுருவீங்களா?"

ராயப்பனுக்கு மனம் கேட்கவில்லை.

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்க தம்பி!"

கீச்சென்று வந்தது. யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா சார், தொண்டையில குருவியா?"

கொளஞ்சியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ராயப்பன் வெட்கத்தோடு கண்ணாடியைத் தேடி மாட்டினார். அப்போதுதான் பாவாடையின் முகம் தெரிந்தது. அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், கண் கலங்க.

"ரொம்ப பயந்துட்டேன் சார். ஒயரு என் மோட்டார்லதான் மாட்டிக்கீது."

"அடப்பாவி!" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"என்னுத மொதல்ல எவனோ அறுத்துக்கினு பூட்டான்க்கா. கரும்பு காஞ்சிக்கினு இருந்திச்சி. ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிடலாம்னு பாத்தேன். நீ அதுக்குள்ள ஊரக் கூட்டி ஏழு தலைமொறையத் திட்டிட்ட. அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்றது?"

"கேட்டிருந்தா ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்குன்னு ஓட்டியிருக்கலாமேடா!"

"இப்ப கேக்கறேன்க்கா."

"மொதல்ல எனக்கு. கதிரு மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். ஒயரைக் கழற்றிவந்து மாட்டி முடிப்பதற்கும் மும்முனை கரண்ட் வருவதற்கும் சரியாக இருந்தது. குழாய் இரண்டுமுறை இருமிவிட்டுக் கொட்டியது. தண்ணீர் வாய்க்காலில் வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு மெதுவாக வந்தது. ராயப்பன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அது வருவதையே பார்த்து நின்றார்.

"சார், கொஞ்சம் நவுருங்க" என்று மண்வெட்டியோடு வந்தாள் கொளஞ்சியம்மாள். "மடை வாயிலயே நின்னுக்கினு இருக்கீங்க."

நகர்ந்தார்.