பூட்டிவைத்த கம்பளி

அத்தையின் தகரப் பெட்டி இன்னும் கொழும்பில்தான் எங்கோ கிடக்கிறது. பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ. உள்ளே இரண்டு சுவெட்டர், ஒரு கம்பளி, என் அப்பா தன் தங்கைக்கென்று பண்டாரவளையில் வாங்கிக் கொடுத்த தடித்த சால்வை. பூனாகலை மலைக் குளிரில் ஒரு பெண்ணிடம் இருக்கக்கூடிய சொத்தே அவ்வளவுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எல்லாரும் இதையேதான் அடுக்கிக்கொண்டு போனார்கள். இரவிலும் வியர்த்து வடியும் ஊருக்குக் கம்பளி எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விட்டுவிட்டுப் போனால் களவு போய்விடும் என்ற பயம் வேறு.

அத்தை வேலைக்குப் போன வீட்டு எஜமானியம்மா, நோனா என்பார்கள், கெட்டிக்காரி. இந்தப் புழுக்கத்தில் இது எதற்கு என்று முதல் நாளே பெட்டியைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாராம். அதன்பிறகு ஊருக்குப் போக வேண்டுமென்றால் முதலில் சாவியைக் கேட்க வேண்டும். நோனாவுக்கு மனம் வந்தால்தான் சாவி வரும். மற்ற வீடுகளிலும் இதே கதைதான்; கம்பளியை விட்டுவர மனமில்லாமல் தீபாவளிக்குக்கூட வராமல் கிடந்த பெண்கள் உண்டு.

அப்பா இறந்த செய்தி போனபோது அத்தை சாவியைக் கேட்டார். வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் போன பிறகு பார்க்கலாம் என்றார் நோனா. அத்தை கெஞ்சவில்லை. "பெட்டிய நீங்களே வச்சிக்குங்க. நான் எங்கண்ணன் மொகத்தப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு உடுத்திய சேலையோடு பஸ் ஏறிவிட்டார்.

வழியில் பெரகலயில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நல்ல மழை. மெல்லிய பருத்திச் சேலை உடம்போடு ஒட்ட, பல் கிடுகிடுக்க அவர் லயத்து வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவை இன்னும் எடுத்திருக்கவில்லை. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அத்தை அழுதார். காரியம் முடிவதற்குள்ளேயே, அத்தனை நல்ல சாமானை விட்டுவிட்டு வந்தாளே என்று லயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எனக்குத்தானே குளுருது, குளுரட்டும்" என்றார் அத்தை. அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்தார். ஒரு நாளும் புலம்பவில்லை.

வருடங்கள் கழித்து, வளைகுடாவில் ஒரு ஹோட்டல் வேலை கிடைக்கும்போலிருக்க, நான் பை கட்டினேன். அங்கேயும் கடலோர ஊர், வெயிலும் புழுக்கமும்தான். நான் வைத்த சுவெட்டரை அத்தை எடுத்து வெளியே போட்டார். "ஒத்தக் கையால தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன். "ம், இப்ப சரி."

மறுநாள் பதுளையில் ஏஜென்டைப் பார்க்க இருவரும் போனோம். அந்த வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும் என்ற நிலை எனக்கு. துணிமணி குறைவாக எடுத்துப் போவதே நல்லது என்று ஏஜென்டும் சொன்னார். பிறகு, "பாஸ்போர்ட்ட மட்டும் அங்க போனதும் மொதலாளிகிட்ட குடுத்திருங்க. பத்திரமா இருக்கும்" என்றார்.

"அது எங்கிட்டயே பத்திரமா இருக்குங்க."

"அப்ப நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்க" என்று நான் எழுந்தபோது, அத்தை ஏற்கெனவே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.