காய்ந்து கிடந்த சுவர்

லிந்துலையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, வெளிப்புறத்தை அழகுபடுத்தி விற்க நினைத்தேன். கூரைத் தகரத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, புதிய கேட் போட்டு, வாசலில் ரோஜா வைத்தேன். பின்னால் மண்மேட்டைத் தாங்கி நின்ற கருங்கல் சுவர்தான் கண்ணை உறுத்தியது. அதிலிருந்த குழாய்களில் தண்ணீர் கசிந்து சுவரெல்லாம் பாசி. குழாய்களை அடைத்துச் சீமெந்து பூசச் சொன்னேன்.

"வேணாங்க, தண்ணி போகட்டும்" என்றார் கொத்துவேலைக்கு வந்த மேசன்.

"வீடு பாக்க வர்றவங்களுக்குப் பாசியவா காட்டுறது?" என்று கேட்டேன். அடைத்துவிட்டார்.

அடுத்த மாதம், இரண்டு நாள் அடைமழை விட்ட காலையில், டயகமவிலிருந்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். கணவர் கேட்டையே சுற்றிச்சுற்றி வந்தார். மனைவி நேரே பின்பக்கம் போனார்.

"இவ்ளோ மழைக்கும் செவுத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே. மேட்டுத் தண்ணியெல்லாம் எங்கங்க போகுது?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவர் நடுவில் வயிறு தள்ளி, புதுப்பூச்சு நீளத்துக்கு வெடித்திருந்தது.

கூப்பிட்டதும் மேசன் ஓடிவந்து, ஓரமாக நின்று நீளக் கம்பியால் ஒரு குழாயைக் குத்தினார். சேற்றுத்தண்ணீர் எதிரே இருந்த சமையலறைக் கதவில் போய் அடித்தது.

"இன்னொரு மழை பேஞ்சிருந்தா செவுரே குசினிக்குள்ள வந்திருக்கும்" என்றார்.

அந்தத் தம்பதி வாங்கவில்லை. சுவரை இடித்துக் குழாய்களோடு திரும்பக் கட்டினேன். பாசியும் வந்துவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்களை இப்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறேன். ரோஜாவைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.