தண்ணியக்காவும் ஒரு சின்ன மேடும்

கண்ணாடிக் குடுவையை நிரப்புகிறார், கவிழ்க்கிறார், மறுபடி நிரப்புகிறார். சோப்பு கிடையாது, துணி கிடையாது. தண்ணீர் வைக்கும் பாத்திரத்தைத் தண்ணீரால்தான் கழுவ வேண்டும் என்பது அவர் கட்சி. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் தண்ணியக்கா. "தண்ணிக்கு வெக்கமே கிடையாதுப்பா. யார் கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கும். நாமதான் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கணும்" என்பார். வீட்டிலும் இதே கதைதான். அவரிடம் ஒரு டம்ளரைக் கழுவக் கொடுத்தால், அது வந்து சேர்வதற்குள் கணவர் வேறு டம்ளரில் காப்பி குடித்து முடித்திருப்பார்.

எக்ஸ்ரே பட்டதும் தண்ணீருக்குள் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கு ஒரு சம்பளமா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அக்காவுக்குக் கோபம் வராது. உட்கார வைத்து விளக்குவார்.

"கதிர் மோதுனதும் தண்ணி மூலக்கூறுலேருந்து ஒரு எலக்ட்ரான் தெறிச்சு ஓடிரும். மிச்சம் நிக்குதே, அது சும்மா இருக்குமா? தன்கிட்ட இருக்குற ஒரு புரோட்டானப் பக்கத்துத் தண்ணி தலையில கட்டிரும். அப்புறம் அது அரைகுறைத் துண்டு. கெடச்சதையெல்லாம் கடிக்கும். உடம்புல கதிர் பட்டாக் கெடுதல் பண்றதுல பெரும்பங்கு அதோடதுதான்."

எவ்வளவு நேரத்தில் என்று கேட்டுவிட்டால் போச்சு. "நீங்க கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள கோடிக்கணக்கான தடவ நடந்து முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் எப்போது இமைப்பார் என்று காத்திருப்பார்.

அந்தத் தலையில் கட்டும் கணத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அக்கா வருஷக்கணக்காக அலைந்தார். ஊசிமுனையிலிருந்து மெல்லிய தகடாகத் தண்ணீர் பாய வேண்டும். அதில் எக்ஸ்ரே துடிப்பு விழ வேண்டும். அங்கே நடப்பது திரையில் கோடாக விழ வேண்டும். இந்த முறை கோட்டின் தொடக்கத்திலேயே, அக்கா தேடிய கணம் இதுதான் என்பது போல, ஒரு சின்ன மேடு எழும்பியது. ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையோடு கருவியை வேறு குழுவுக்கு விட்டுவிட வேண்டும்; அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் கதிர்க் கருவியை இயக்குபவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, காலைல ஊசிமுன அடச்சிருந்துச்சு. அவசரத்துல ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டேன்."

அக்கா திரும்பித் திரையைப் பார்த்தார். மேடு தண்ணீருடையதா, ஸ்பிரிட்டுடையதா? எல்லாவற்றையும் பிரித்துக் கழுவ ஒரு நாள் முழுக்க வேண்டும்.

"ஒரு சொட்டு இருந்திருக்குமா? அது எப்பவோ ஓடிப் போயிருக்கும். விடுங்கம்மா" என்றார் தலைவர்.

"விட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது சார். ஒண்ணு பண்ணலாம். ஸ்பிரிட்ட நாமளே தாராளமா ஊத்துவோம். மேடு அதோடதுன்னா வளந்துரும். தண்ணியோடதுன்னா அசையாது."

"ஏம்மா, ஊத்திட்டா வேற ஒரு அளவும் எடுக்க முடியாதே. வளந்துச்சுன்னா?"

"இத்தன வருஷ ஒழைப்பும் அம்போதான். அதுக்காக ஸ்பிரிட்டப் புடிச்சுத் தண்ணின்னு ஊருக்குச் சொல்லச் சொல்றீங்களா?"

ஒரு தூசு விழுந்தால் கூடத்தையே இரண்டாக்கும் அக்கா, ரப்பர் கையுறையோடு ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கி, தான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சுத்தமான தண்ணீரில் மடமடவென்று ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் அதைப் பார்க்கவே மனம் வரவில்லை.

திரையில் புதுக் கோடு மெதுவாக உருவானது. கோட்டின் பிற்பகுதி சரிந்தது. அரைகுறைத் துண்டுகளை ஸ்பிரிட் விழுங்குகிறது என்று அர்த்தம். தொடக்கத்திலிருந்த மேடு மட்டும் ஜன்னலோர இருக்கையைப் பிடித்த பயணி மாதிரி அசையாமல் இருந்தது. ஸ்பிரிட் எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் தன் காரியத்தை முடித்துவிட்டிருந்தது.

கருவிக்காரர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பயமே இல்லையாம்மா?"

"எனக்குத் தெரியாத தண்ணியா சார்?" என்றபடி அக்கா கையுறையைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. விரல்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் பிடித்து இழுத்ததும் உள்ளே தேங்கியிருந்த வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"கொஞ்சம் இழுத்து விடுங்க சார்" என்று கையை நீட்டினார்.