இரண்டு விரலில் திரும்ப வேண்டிய டேப்

என் மனைவியின் கார் என்னைவிட மூத்தது. லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த மாமனார் பழைய வண்டியாக வாங்கி, மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவளிடமே விட்டுப்போனது. பராமரிப்பு மட்டும் என் பொறுப்பு. அதிகாரமில்லாத பொறுப்பு எனக்குப் புதிதல்ல, ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அதைத்தான் சுமந்து ஓய்வு பெற்றேன்.

அந்தக் கால வண்டிகளில் பெட்ரோல் டாங்க் டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கும். பெட்ரோல் தன் எடையிலேயே எஞ்சினுக்கு இறங்கும். அதனால் வண்டியை நிறுத்தியதும் டாங்குக்கு அடியிலுள்ள பித்தளை டேப்பை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டர் வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். மூட வேண்டியவர் ஓட்டியவர். இது மாமனார் போட்ட விதி. நான் எழுதிய எந்த விதியையும்விட ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது.

போன டிசம்பரில் டேப் இறுகிவிட்டது. மனைவிக்கு விரல் மூட்டுகளில் வலி. ஒரு சாயங்காலம் பாதிவரை திருப்பியவளால் மீதியைத் திருப்ப முடியவில்லை. காலையில் போர்ட்டிகோ முழுக்கப் பெட்ரோல் வாடை.

"ஹோட்டல்காரர் ஒருத்தர் வாசல்ல அழகுக்கு நிறுத்தி வைக்க நம்ம வண்டியை விலைக்குக் கேட்டுட்டேதான இருக்காரு? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

"டேப்பை நான் மூடித் தரேனே."

"நீங்க மூடினா அது உங்க வண்டி. என்னால மூட முடியலைன்னா நான் ஓட்டக்கூடாது. அவ்ளோதான்."

சொன்னது சரிதான். அவள் விரலுக்கே திரும்பும்படி டேப்பைச் சரிசெய்ய, சிவப்புச் சீட்டைத் தேடப் போனேன்.

எந்த வேலை தொடங்கினாலும் நான் முதலில் தொங்கவிடுவது அதைத்தான். 'இயக்காதே' என்று எழுதிய அட்டை. மாட்டியவர் மட்டுமே கழற்றலாம். ஒருமுறை மிக்ஸியில் மாட்டினேன். அன்று மதியம் சட்னி இல்லை. இப்போது ஸ்டியரிங்கில் மாட்டினேன்.

"ஏங்க, நான் குளிக்கப் போலாமா, அதுக்கும் ஒரு சீட்டு இருக்கா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, பெட்ரோலைத் தகர டின்னில் வடித்தேன். இறுகிய டேப்பைக் குறடு போட்டுத் திருகுகிறவர்கள் உண்டு. பித்தளை உடைந்தபிறகு அதிர்ஷ்டத்தைத் திட்டுவார்கள். நான் டேப்பை முழுதாகக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே கூம்பு வடிவில் ஒரு பித்தளைத் துண்டு. அதே அளவில் குடைந்த கூட்டுக்குள் அது சுழல வேண்டும். அதன்மேல் பழைய பெட்ரோலின் பிசின் காபிக் கறை மாதிரி படிந்திருந்தது. கைப்பிடியின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக, மெழுகு போல வேறொன்று. முகர்ந்து பார்த்தேன்.

"இதுல தேங்காய் எண்ணெய் விட்டியா?"

"பூட்டு, கீலு எல்லாத்துக்கும் வேற என்ன விடறேன்?"

"டிசம்பர்ல பாத்ரூம் எண்ணெய் பாட்டில் என்ன ஆகுது?"

சற்று யோசித்தாள். "உறையுது" என்றாள். பிறகு, "எங்க அப்பாவோட சொந்த ஊர்ல உறையாதுங்க" என்று குற்றத்தைத் தட்பவெப்பத்தின் தலையில் போட்டாள். பாதிக் குற்றம் பிசினுடையது என்பதால் விசாரணையை முடித்துக்கொண்டேன்.

பிசினைத் தின்னரில் ஊறவைத்துக் கரைத்தேன். பித்தளை விளக்கு துலக்கும் பாலிஷைக் கூம்பில் தடவி, கூட்டுக்குள் வைத்து, அழுத்தாமல் இப்படியும் அப்படியுமாகச் சுழற்றினேன். துடைத்து, பென்சிலால் கோடு கிழித்துத் திரும்பச் சுழற்றினால், உரசாத இடத்தில் கோடு அழியாமல் நிற்கும். நின்றது. மறுபடி தேய்த்தேன். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்தபோது, பணிக்காலத்தில் யாருக்கும் கொடுக்காத பாராட்டை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். பாலிஷைத் துளி விடாமல் கழுவினேன். ராணிகஞ்சில் கடைகடையாக அலைந்து வாங்கிய, பெட்ரோலில் கரையாத கிரீஸை மெல்லிசாகப் பூசி, ஸ்பிரிங்கை வைத்து நட்டை அளவாக முடுக்கினேன்.

சனிக்கிழமை பெட்ரோலை ஊற்றி, டேப்பை மூடி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன். காலையில் தாள் காய்ந்திருந்தது. அதில் ஈரமான செய்தி எதுவும் இல்லை.

ஹோட்டல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இரண்டே. திறந்தாள். மூடினாள். முகம் சுளிக்கவில்லை. மறுபடி திறந்தாள்.

"நக்கோ பையா" என்றாள் அவரிடம், இந்த ஊர் இந்தியில். "வேண்டாம், குடுக்கறதா இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "வண்டி அவங்களுது" என்றேன். அந்த வாக்கியத்தை இவ்வளவு கர்வத்துடன் நான் சொன்னதில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

மனைவி வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவள் மூக்குக்கு நேராகச் சிவப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அதைக் கிண்டல் செய்தவள் அதைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மாட்டினவர்தானே கழட்டணும்?" என்றாள். "கழட்டுங்க. சைனிக்புரி வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் ஏறினேன்.