பால்சுறாவுக்கும் சுரக்காத பால்

எனக்குப் பால் சுரக்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. எல்லோரும் அதை என் குற்றமாக எடுத்தார்கள். நோயாக ஒருவரும் எடுக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், நெடுந்தீவில், வீட்டிலேயே என் மகள் பிறந்தாள். பிறகு இரத்தம் நிற்கவில்லை. கடல் கொந்தளித்ததால், ஆஸ்பத்திரிக்குப் போக லாஞ்சிப் படகு ஓடவில்லை. நினைவு தப்பிக் கிடந்து பிழைத்தேன். பிழைத்துவிட்டாள், போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மாமி (கணவரின் அம்மா) பால்சுறா மீனை அவித்து உதிர்த்து, உள்ளி (பூண்டு) போட்டு வறுத்துத் தந்தார். தீவில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து. என் மூச்சே சுறா மணத்தது. பால் வரவில்லை.

மாதவிடாயும் திரும்பவில்லை. அங்கேதான் பெரிய பிழை நடந்தது.

"பால் ஏன் வரேல்லை எண்டு இப்பதான் விளங்குது. அடுத்தது வயித்திலை நிக்குது" என்றார் மாமி.

கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "என்ன பிள்ளை, உன்ரை மனிசனுக்கு அவ்வளவு அவசரமே?"

"எனக்குப் பாயாலை எழும்பவே ஏலாது அக்கா. அவசரத்துக்கு எங்கை போக?"

வயிறு வளரவில்லை. முடி கொட்டியது. வெயிலிலும் குளிர்ந்தது. வாளி தூக்கினால் விழுந்தேன். கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் சோம்பேறி என்றார்கள். புங்குடுதீவில் இருந்த மச்சாள் (கணவரின் அக்கா) வந்து மகளைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"நீ எழும்பி நட. பிறகு பாப்பம்."

என் கணவர் மகளின் துணிகளைக் கட்டிக் கொடுத்தார்.

ஒருநாள் சத்தி (வாந்தி) எடுத்து மயங்கினேன். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் பார்த்த டொக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்துக் குளிசை (மாத்திரை) எழுதினார். அடுத்து வந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"பிள்ளை பிறக்கேக்கை கனக்க இரத்தம் போனதே?"

"ஓம்."

"பால்? மாதச் சுகயீனம்?"

"இரண்டும் இல்லை."

"அப்ப இது சோம்பல் இல்லை, பிள்ளை."

மூளைக்கு அடியில் கபச்சுரப்பி (பிட்யூட்டரி) என்று கடலையளவில் ஒன்று இருக்கிறது. கர்ப்பகாலத்தில் அது பருக்கும். பேற்றில் இரத்தம் அதிகம் போனால் பட்டுப்போகலாம். பால் சுரக்கவும் மாதவிடாய் வரவும் உடம்பு சூடாக இருக்கவும் ஓமோன்கள் (சுரப்பிகள் இரத்தத்தில் விடும் பொருள்கள்) வேண்டும். அவற்றுக்குக் கட்டளை அங்கிருந்துதான் போகிறது. சுறாவிலிருந்து அல்ல.

"குளிசை எவ்வளவு காலத்துக்கு?"

"சாகும்வரை. விட்டால் சாவு கெதியா வரும்."

"மகளை வளர்க்க ஏலுமே?"

"பாலில்லாமல் வளர்க்கலாம். குளிசையில்லாமல் ஏலாது."

அந்த ஓமோன்களையே குளிசையாகத் தந்தார்கள்: முதலில் கோட்டிசோன், பிறகு தைரொக்சின். சில நாளில் பசித்தது. ஊருக்குத் திரும்பும் வழியில், கடற்பாலத்தால் இணைந்த புங்குடுதீவில், மச்சாள் வீட்டடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

"அவள் என்னோடை பழகீட்டாள்" என்றார் மச்சாள்.

"என்னோடையும் பழகுவாள். தாங்கோ."

மகள் லாஞ்சி முழுக்கக் கத்தினாள். கத்தட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படியென்றால், டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இரத்தம், பால், மாதவிடாய் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். தீவில் இருந்தால், கடல் குழம்ப முன்னமே குளிசை வாங்கி வையுங்கள்.

மற்றப் பெண்களுக்கு மாதம் வரும். எனக்குக் காலை மட்டும் வரும். என் உடம்பு தானாக எழும்பாது, நான்தான் எழுப்ப வேண்டும். குளிசையை விழுங்கி, அது ஏறும்வரை பாயில் இருப்பேன். பிறகு போய் வாளியைத் தூக்குவேன்.

எழும்பி நட, பிறகு பார்ப்போம் என்றார்கள். வந்து பார்க்கட்டும்.