காலால் பிறந்தவளின் கால்

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அம்மா பிழைத்ததே பெரிய காரியம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதனால் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று கிடைத்தது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குனிந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிமிர முடியாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். நான் வலது காலை அவர்கள் இடுப்பில் வைத்து மெல்ல அழுத்தி, கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வெளுத்து வாங்குவார். திங்கட்கிழமை அவருடைய சமையல்காரர் வந்து படுப்பார். கணக்கு வாத்தியாரும் ஒருமுறை வந்தார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பலமாகவே அழுத்தினேன்.

சின்ன வயதில் ஒரே ஒரு முறைதான் அந்த வேலையில் எனக்குப் பயம் வந்தது. ஆத்தூரில் இருந்த என் பெரியப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்தார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேசன் செய்தார்கள். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. கால்கள் இருந்தன, அவ்வளவுதான். கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே சட்டி வைத்திருந்தார்கள். பவுடர் வாசனையும் புண் வாசனையும் சேர்ந்து அந்த அறையில் நிற்கும். என்னை அங்கே கூட்டிப்போய், "மிதி தாயி, உன் காலு ராசியான காலு" என்றாள் பெரியம்மா. அவரைக் குப்புறப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். எனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. மெத்தென்று இருந்த அந்தத் தொடையில் காலை வைத்து மிதித்தேன்.

"மிதிச்சியா தாயி?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார் பெரியப்பா.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். செத்த நேரம் கழித்து அவர், "ம்... இப்பத் தெரியுது" என்றார். அன்றைக்குப் பேருந்தில் ஊர் திரும்பும்போது என் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் அவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஆபரேசன்தான் அவர் காலை எடுத்துவிட்டது என்று குடும்பத்தில் எல்லாரும் சொன்னார்கள். முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்பது அப்போதே என் மனத்தில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

பிறகு நான் டீச்சரானேன். கல்யாணமாகி, திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் குடிவந்து, ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பேருந்தில் போய்வந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் தண்ணீர் பட்ட பாட்டைத் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தூர் அணைத் தண்ணீர் எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. வந்தாலும் குழாயில் ஏறாது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தோம். குழிக்குள் தொங்கிக் குடத்தை நிரப்பி, அப்படியே தூக்கி மேலே வைக்க வேண்டும். ஒருநாள் அப்படித் தூக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று நகர்ந்தது. குடத்தை விடவில்லை. தண்ணீர் சிந்தக்கூடாது என்பதுதான் அப்போதைய கவலை.

மறுநாள் வலி புட்டத்தில் இறங்கியது. அதற்கடுத்து தொடையின் பின்பக்கம், கெண்டைச் சதை, குதிகால். தும்மினால் மின்சாரம் அடித்ததுபோல் பாதம் வரை ஓடும். தும்மல் வருகிறது என்று தெரிந்தாலே சுவரைப் பிடித்துக்கொள்வேன். வாயு என்றார்கள், பூண்டாகத் தின்றேன். நரம்புத் தளர்ச்சி என்று தெருமுனை கிளினிக்கில் சிவப்பு ஊசி போட்டார்கள். ஊரிலிருக்கிற அத்தனை தைலமும் என் காலில் காய்ந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "ஊருக்கெல்லாம் மிதிக்கிற டீச்சருக்கே பிடிப்பாம்ல" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சில வாரங்களில் வலி கொஞ்சம் குறைந்தது. நோய் கழன்றுகொண்டது என்று நினைத்து, நேர்ந்துகொண்டபடி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். மளிகைக் கடைக்காரர் வீட்டம்மா, ஆள் நல்ல கனம். பெருநாளுக்கு வீடு கழுவிவிட்டு நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி வந்து, என் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்தாள்.

"ஏ டீச்சரு, செத்த மிதிச்சு விடு. உசிரு போகுது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தேன். அவள் முதுகு என் காலில் படவில்லை. இன்னும் எட்டவில்லை போல என்று கொஞ்சம் தாழ்த்தினேன். அப்போதும் ஒன்றும் படவில்லை. இன்னும் தாழ்த்தினேன்.

"யா அல்லா! இம்புட்டு பலமாவா மிதிப்பே? இடுப்ப ஒடிச்சுப்புடாத!"

குனிந்து பார்த்தேன். என் பாதம் முழுக்க அவள் முதுகில் பதிந்திருந்தது. அவளுடைய சேலையின் பூவைக் கண்ணால்தான் பார்த்தேனே தவிர, காலால் அறியவில்லை. காலை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அக்கா தானாக எழுந்து, "போயிருச்சு போயிருச்சு" என்று இடுப்பைத் தட்டிக்கொண்டு போனாள். அவள் பிடிப்பு போனதோ என்னவோ, என் உயிர் அங்கேயே போய்விட்டது. பெரியப்பாவின் குரல் காதில் கேட்டது. கட்டிலின் ஓட்டை தெரிந்தது. குண்டூசியை எடுத்து, குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை குத்திக் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

அடுத்த நாளே எலும்பு டாக்டரிடம் போனோம். என் கணவர் மின்மோட்டார் பழுது பார்க்கிறவர், பேச்சு குறைவு, பயம் வந்தால் இன்னும் குறையும். டாக்டர் சுத்தியலால் இடது குதிகாலுக்கு மேலே தட்டினார், பாதம் துள்ளியது. வலதில் தட்டினார், அது பாட்டுக்குக் கிடந்தது. எக்கி நிற்கச் சொன்னார். இடது காலில் நின்றேன். வலது காலில் குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. கொஞ்ச நாளாகக் கரும்பலகையின் மேல்பகுதியை நான் ஏன் காலியாக விடுகிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மதுரையில் ஸ்கேன் எடுத்து வந்தபின், படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர்.

"எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்ப அமுக்குதும்மா. தோட்டத்துக்குப் போற ஓஸ் பைப்ப ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு நிக்கிறான்னு வைங்க. தண்ணி அங்க போய்ச் சேராதுல்ல. உங்களுக்கு நோவு கொறஞ்சது நல்லதுக்கில்ல. நரம்பு மரத்துப்போனதால கொறஞ்சிருக்கு."

ஏற்றிய மெழுகுவர்த்தி எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் வேறொன்று கேட்டார். "ஒண்ணுக்குப் போறது தெரியுதா? உட்கார்ற எடம் மரத்திருக்கா?" என் கணவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். கால்வலிக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "வெக்கப்படாதீங்கம்மா. அந்த நரம்பும் அமுங்கி மரத்துச்சுன்னா ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது, அப்பவே வந்துரணும்" என்றார். நிறையப் பேருக்கு மாத்திரையும் கொஞ்சம் ஓய்வும் உடற்பயிற்சியும் போதும், கத்தியே வேண்டாம், ஆனால் என் காலில் பலம் குறைந்துகொண்டே போவதால் ஆபரேசன்தான் நல்லது என்றும் சொன்னார்.

நான் பெரியப்பா கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மரத்துல இருந்து விழுந்தப்பவே தண்டுவடம் நசுங்கியிருக்கும்மா. ஆபரேசன் பண்ணவங்க மேல பழியப் போட்டுட்டீங்க."

தலையை ஆட்டினேன், நம்பவில்லை. "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று வெளியே வந்தோம். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, குழிப் பக்கமே போகாமல், மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உறவில் கேட்ட அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: கத்தி வைக்காதே, கால் போய்விடும். ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறதா என்று கவனிப்பேன். அந்தச் சின்ன அறையில் நான் செய்த ஜெபம் கோயிலில்கூடச் செய்ததில்லை. கத்தி வைத்தாலும் கால் போகும், வைக்காவிட்டாலும் போகும் என்றால் மனுஷி எந்தப் பக்கம் ஓடுவாள்?

முடிவை எடுத்தது என் செருப்பு. ஒருநாள் காலை பேருந்திலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டி, பள்ளிக்கூட வாசல் வரை நடந்துவிட்டேன். வாட்ச்மேன் என் காலையே பார்த்தார். "என்ன டீச்சர், ஒத்தச் செருப்போட வாரீக?" வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு பேருந்தோடு ஒட்டன்சத்திரம் போய்க்கொண்டிருந்தது. சரளைக் கல்லில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். உள்ளங்காலைத் திருப்பினேன். கருவேல முள் ஒன்று பாதிக்குமேல் ஏறி நின்றது. வாட்ச்மேன்தான் பிடுங்கினார். அவர் முகம் சுளித்தது, என் முகம் அப்படியே இருந்தது. அன்று மாலையே ஆபரேசனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். தைரியம் வந்தெல்லாம் சொல்லவில்லை. இருக்கிற பயங்களில் எது பெரியது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கட்டிலின் நடுவில் கைவிட்டுத் துழாவினேன். ஓட்டை இல்லை. நர்ஸ் விரல்களை ஆட்டச் சொன்னார். இரண்டு காலிலும் ஆடின. அழுதேன். காலைச் சுண்டி இழுத்த வலி போயிருந்தது. ஆனால் பாதம் மட்டும் மரக்கட்டையாகவே கிடந்தது. நரம்பு மெதுவாகத்தான் விழிக்கும், சிலருக்கு முழுக்க விழிக்காமலும் போகும், வீட்டில் தினமும் தொட்டுப் பாருங்கள் என்று டாக்டர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்.

அவர் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கட்டிலின் கால்மாட்டில் உட்காருவார். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் பாதத்தைத் தொடுவார். "தெரியுதா?" என்பார். "இல்ல" என்பேன். சரி என்று குச்சியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். நாளுக்கு நாள் அந்தச் "சரி" சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் சாப்பாட்டுத் தட்டில் பாதி அப்படியே இருந்தது. சமையல்கட்டில் தனியாக நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சுவார், வெங்காயம் என்பார். வெங்காயம் வாங்கியே வாரமாகியிருந்தது.

ஒருநாள் காலை நான் கண்ணை மூடினேன். குச்சி எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு என் காலருகே நின்றது.

"தெரியுதா?"

இன்றைக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ம்... இப்பத் தெரியுது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். குச்சி அவர் மடியில் இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லியே" என்றார்.

என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெரியம்மா நின்றாள். ஒரு சின்னப் பெண் காலைத் தூக்கித் தூக்கி மிதித்தாள். இத்தனை வருஷமும் அந்த ஒரு நிமிஷமாவது பெரியப்பாவுக்குத் தெரிந்தது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பொய் சொல்லாத. டாக்டர்ட்ட என்னத்தச் சொல்றது நானு?" என்றார் என் கணவர். அவர் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். பிறகு குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். "கண்ண மூடு."

மூடினேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆபரேசன் மேசையில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

"தெரியுதா?"

"இல்ல" என்றேன்.

"சரி, நாளைக்குப் பாப்போம்" என்றார். குச்சியை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.