தலைவாரும்போது சொன்னது

நேற்று என் மகள் பள்ளியிலிருந்து பேனோடு வந்தாள். வேப்பெண்ணெய் பாட்டிலைத் திறந்ததும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அந்த வாடையில் நான் பழைய மரக்காணத்துக்கே போய்விட்டேன்.

என் முதல் வேலை அங்கேதான். உப்பளங்களைத் தாண்டி, வழக்கில் சிக்கிய பெண் பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இல்லம். காற்றடித்தால் உதடு உப்புக் கரிக்கும். நான் உதவியாளர். வந்த அன்றே பிள்ளைகளின் முடியைக் காதளவுக்கு வெட்டிவிடுவது என் பொறுப்பு, பேன் பரவாதாம். ஐந்து நிமிடத்தில் ஒரு தலை என்று பெருமை வேறு அடித்துக்கொள்வேன். அந்தக் கைக்குச் சூடு வைத்தாலும் தகும்.

ஒருநாள் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். பதினாறு வயது. பள்ளி விடுமுறையில் வேலைக்குப் போன வீட்டில் செல்போன் திருடினாள் என்று வழக்கு. கத்திரிக்கோலைப் பார்த்ததும் பின்னலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா. மண்டையப் பார்த்தே எங்க இருந்து வர்றேன்னு ஊரு கண்டுபிடிச்சிடும். அப்புறம் ஸ்கூலுக்கு எப்படிக்கா போவேன்?”

“வாயாடாம உக்காருடி” என்றேன். அதற்குள் கண்காணிப்பாளர் மேடம் வந்துவிட்டார். மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். ஆள் குள்ளம், குரல் மட்டும் மைக் செட்.

“பேனுக்குத்தானே? சீப்பு இருக்குது, வேப்பெண்ணெய் இருக்குது, உனக்குக் கை இருக்குது. இனிமே யார் முடியையும் வெட்டக் கூடாது. அது அந்தப் பொண்ணோட முடிம்மா, கவர்மெண்ட்டுது இல்ல.”

எனக்கு எரிச்சலான எரிச்சல். வேறு வழியில்லாமல் தினமும் மாலையில் அவளை முன்னால் உட்காரவைத்து வாரினேன். மேடமும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இன்னொரு பிள்ளைக்கு வாருவார்.

போலீசும் ஆலோசகரும் மேசைக்கு எதிரே உட்காரவைத்து “ஏன் எடுத்தே?” என்று கேட்டபோதெல்லாம் தரையையே பார்த்தவள், மூன்றாம் நாள் தானாகப் பேசினாள். பின்னால் இருந்து வாருகிறவளின் முகம் தெரியாதல்லவா.

“அந்த வீட்டுக்காரன் என்னை மறைஞ்சி மறைஞ்சி படம் புடிச்சி வெச்சிருந்தான்க்கா. வெளிய சொன்னா ஊருக்கே அனுப்பிடுவேன்னான். அதான் போனைத் தூக்கினு ஓடியாந்தேன். உப்புப் பாத்தி சேத்துல பொதைச்சிட்டேன்.”

என் கை நின்றுவிட்டது. நிறுத்தாதே என்று மேடம் சைகை காட்டினார். பின்னல் போட்டு முடித்த பிறகுதான், “நான் போய் இதைச் சொல்லட்டுமாம்மா?” என்று அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

மறுநாளே சிறார் நீதிக்குழுமத்தில் போய் நின்றார். பாத்தியைத் தோண்டினார்கள். போன் செத்திருந்தது, உள்ளே இருந்த மெமரி கார்டு சாகவில்லை. திருட்டு வழக்கு கலைந்தது, வீட்டுக்காரன் உள்ளே போனான். அவளை ஜீப்பில் ஏற்றாமல், அத்தையும் மருமகளும் போல பஸ்ஸில் கூட்டிப்போய் வீட்டில் விட்டு வந்தார் மேடம். என்ன மனுஷி!

அந்த இல்லம் இப்போது அங்கே இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டது. அவள் எப்படி இருக்கிறாளோ என்று போன வருடம் எனக்கு ஒரே தவிப்பு. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். கடைசியில், ஓய்வு பெற்றுவிட்ட மேடத்துக்கே போன் போட்டேன்.

“அந்த ஃபைலா? கேஸ் முடிஞ்சு கெடு தாண்டினா சட்டப்படி அழிச்சிடணும். பக்கத்துல நின்னு அழிக்க வெச்சவளே நான்தான். பேரு, போட்டோ, ஒண்ணும் இல்ல. நீ எதுக்குத் தேடுற?”

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். பழகிய நானே இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இனி அவளை எந்த ஊராலும் கண்டுபிடிக்க முடியாது.